எலும்பு வலிக்குப் போடும் சமாரியம் ஊசி

எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலி ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்றைக்கு இடுப்பு, நாளைக்குத் தோள்பட்டை, அடுத்த வாரம் விலா. பகலில் பேச்சும் நடமாட்டமுமாக இருக்கும்போது ஓரளவு அடங்கியிருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்ததும் கிளம்பும். "பல்வலி உடம்பு எலும்பெல்லாம் வந்த மாதிரி இருக்குதுங்க அம்மிணி" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் கோவையில் ஒரு மருத்துவமனையில் நியூக்ளியர் மெடிசின், அதாவது கதிரியக்க மருந்துப் பிரிவில், டெக்னாலஜிஸ்டாக இருக்கிறேன். தைராய்டு ஸ்கேன், எலும்பைப் படமெடுக்கும் போன் ஸ்கேன், பெட் ஸ்கேன் எடுப்பது அன்றாட வேலை. இந்த எலும்பு வலிக்கான கதிரியக்க மருந்தை அளந்து, ஊசியில் எடுத்து, டாக்டர் போடும்போது பக்கத்தில் நிற்பதும் என் வேலைதான். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசி போட முடியாத நிலைக்கு வந்த பிறகே நிறையப் பேர் எங்கள் வாசலுக்கு வருகிறார்கள். அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

போன மாதம் ஒரு மகனும் மருமகளும் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் அழைத்து வந்தார்கள். புரோஸ்டேட் புற்றுநோய், முதுகெலும்பு முழுக்கப் பரவியிருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக வலி. பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் மாத்திரையை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு ஊசி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்ததாம். பிளட் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் நாற்பதாயிரம்கூட இல்லை. பொதுவாக ஒரு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். கொஞ்சம் குறைந்தாலும் டாக்டர் யோசித்துப் பார்ப்பார். நாற்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டால் யோசிக்கவே வழியில்லை. "ஊசி போட்டா ரத்தக்கசிவு வர வாய்ப்பிருக்குங்க, போட முடியாது" என்று டாக்டர் சொன்னதும் அந்த மருமகள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. நியாயமான கோபம். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் அவருக்குப் போட்டிருக்கலாம்.

வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது ஏன் என்று புரியும். புற்றுநோய் எலும்பில் உட்கார்ந்ததும் அந்த இடத்தில் எலும்பு தாறுமாறாகப் புதிதாக உருவாகும். புரோஸ்டேட்டில் இது அதிகம், மார்பகத்தில் எலும்பு அரிப்பதும் கட்டுவதும் கலந்து இருக்கும். எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடமெல்லாம் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இழுக்கும். அப்படி இழுக்கப்படுகிற ஒரு பொருளோடு கதிரியக்கத் தனிமம் ஒன்றைச் சேர்த்து ரத்தத்தில் விட்டால், அதுவே நோய் இருக்கிற இடங்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து பீட்டா கதிர்களை வெளிவிடும். நாங்கள் அதிகம் பயன்படுத்துவது சமாரியம்-153. அதை ஈடிடிஎம்பி என்ற பாஸ்போனேட்டோடு இணைத்திருப்பார்கள். அதன் பீட்டா கதிர் திசுவுக்குள் அதிகபட்சம் 3 மில்லிமீட்டர் போகும், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். ஆகவே ஒட்டிய இடத்தில்தான் வேலை. ஆனால் எலும்புக்கு உள்ளேதான் மஜ்ஜையும் இருக்கிறது. ரத்த அணுக்கள் அங்கேதான் உற்பத்தியாகின்றன. அதற்கும் கொஞ்சம் அடிபடும். மஜ்ஜையில் தெம்பு இருந்தால் சில வாரங்களில் தேறிவிடும். கீமோவாலும் நோயாலும் ஏற்கனவே வற்றிப்போன மஜ்ஜை தேறாது. பிளேட்லெட்டை முதலில் பார்ப்பது அதனால்தான்.

இந்தச் சிகிச்சைக்கு வயது எண்பதுக்கு மேல். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் தயாரான ஸ்ட்ரான்சியம்-89 ஐ, பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த சார்ல் பெஷேர் என்ற இளம் மருத்துவர்தான் 1940 வாக்கில் எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். ஸ்ட்ரான்சியம் தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே இருப்பது, எலும்பு இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அவர் 1941 இல், முப்பது வயதைத் தொடும் முன்பே, இறந்துபோனார். அந்த வேலையை எழுபதுகளில்தான் மறுபடி தூசி தட்டி எடுத்தார்கள். அமெரிக்க அரசு அனுமதி 1993 இல் ஸ்ட்ரான்சியத்துக்கும் 1997 இல் சமாரியத்துக்கும் கிடைத்தது. நடுவில் போன முப்பது நாற்பது வருடத்தில் எத்தனை பேர் வலியோடு போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. நம் கல்பாக்கத்திலும் சோதனை வேக ஈனுலை என்ற அணுஉலையில் இட்ரியாவை (இட்ரியம் ஆக்சைடு) வைத்து ஸ்ட்ரான்சியம்-89 உற்பத்தி செய்யும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. எங்கள் ஊர் ஆட்களிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கல்பாக்கம் என்றாலே கரண்ட்தான் என்று நினைப்பு.

சமாரியம் நமக்கு மும்பையிலிருந்து வருகிறது. டிராம்பேயில் துருவா அணுஉலையில் சமாரியத்தை நியூட்ரானுக்கு உட்படுத்தி எடுத்து, மருந்தாக்கி, பிரிட் என்று நாங்கள் சொல்லும் மத்திய அரசின் ஐசோடோப் வாரியம் அனுப்பிவைக்கும். இறக்குமதி மருந்தாக இருந்தால் எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. நம் நாட்டிலேயே தயாராகிறது என்பதால்தான் மஞ்சள் விவசாயிக்கும் தறி ஓட்டுகிறவருக்கும் போட முடிகிறது. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

இந்த மருந்தைக் கடையில் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 46 மணி, கிட்டத்தட்ட இரண்டு நாள். இன்று காலை பத்து மணிக்கு 50 மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தால் நாளை அதே நேரம் 35 தான் இருக்கும், நாளன்றைக்கு 24. கிலோவுக்கு ஒரு மில்லிக்யூரி என்பது வழக்கமான அளவு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு ஐம்பது வேண்டும். விமானம் ஒரு நாள் தாமதமானால் அவருக்குப் போட வேண்டியதில் முப்பது சதவீதம் காற்றோடு போய்விட்டது என்று அர்த்தம். அதனால் மருந்து வருகிற நாளில் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் காது போன் மேலேயே இருக்கும். நோயாளியை முந்தின நாளே வரச் சொல்லி, ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்து, சாப்பிடச் சொல்லித் தயாராக வைத்திருப்போம். கதிரியக்கக் குறி போட்ட மஞ்சள் லேபிள் ஒட்டிய பெட்டி உள்ளே வந்ததும்தான் மூச்சு வரும்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ஈயக் கலம். கையில் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிற கனம். அதற்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடி வயல், அடியில் தண்ணீர் போலத் தெளிந்த சில மில்லி திரவம். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கதிரியக்க மருந்தைக் கையாளும் ஹாட் லேபில் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, டங்ஸ்டன் உறை போட்ட சிரிஞ்சில் அதை எடுத்து, கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிப்ரேட்டரில் இறக்கி, எண்ணைப் பார்த்து எழுதுவேன். முன்னால் ஒரு தடவை அளவு, போட்டு முடித்த பிறகு சிரிஞ்சில் ஒட்டியிருக்கிற மிச்சத்துக்கு ஒரு தடவை. இரண்டையும் கழித்தால்தான் நோயாளியின் உடம்புக்குள் போனது எவ்வளவு என்று தெரியும்.

பல்வலி என்று சொன்ன பெரியவருக்குப் போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஈரோடு பக்கம், மஞ்சள் போடுகிறவர். வலி பத்துக்கு எத்தனை என்று நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி அவரிடம் செல்லுபடியாகவில்லை. "அதெப்படிங்க அளக்கறது?" என்று விட்டார். ஆகவே வேறு விதமாகக் கேட்டேன். ராத்திரி எத்தனை தடவை எழுகிறார், கட்டுத்தரை வரைக்கும் நடக்க முடிகிறதா, மாட்டுக்குத் தீவனம் போடக் குனிய முடிகிறதா. "கட்டுத்தரைக்குப் போயி மூணு மாசமாச்சுங்க. பேரன்தான் தண்ணி காட்டறான்" என்றார். குறிப்பேட்டில் அதையே எழுதிக்கொண்டேன். இதற்குப் பிறகு நான் எல்லாரிடமும் இப்படித்தான் கேட்கிறேன்.

கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போட்டு, முதலில் சலைனைச் செலுத்தி நரம்பு சரியாக ஓடுகிறதா என்று பார்த்தோம். இது முக்கியம். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்தத் தோலைப் புண்ணாக்கிவிடும். சரியென்று தெரிந்ததும் டாக்டர் மெதுவாக, ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு செலுத்தினார். பிறகு மறுபடி சலைன். அவ்வளவுதான். "முடிஞ்சுதுங்களா? இதுக்கா பம்பாயில இருந்து பிளேன்ல வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். அவர் மகன் என்னைத் தனியாக அழைத்து, "எங்க ஐயனுக்கு நோவு போயிருமுங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் ஒருபோதும் சுற்றி வளைத்துப் பதில் சொல்வதில்லை. நோய் போகாது. வலி குறையலாம். பத்துப் பேருக்குப் போட்டால் ஆறிலிருந்து எட்டுப் பேருக்கு ஓரளவாவது குறையும், அதில் ஒன்றிரண்டு பேருக்கு முழுசாகவே போய்விடும், மிச்சப் பேருக்கு ஒன்றும் ஆகாது. குறைந்தால் ஒரு வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு மூன்று மாதம் தாங்கும், சிலருக்கு அதற்கு மேலும். ரத்த அணுக்கள் தேறியிருந்தால் திரும்பவும் போடலாம். ஆயுளை நீட்டும் என்று சமாரியத்துக்கு நிரூபணம் இல்லை. "அப்போ எதுக்குங்க?" என்று சிலர் கேட்பார்கள். ராத்திரி தூங்குவதற்கு. எழுந்து கழிப்பறைக்குத் தானே போவதற்கு. எனக்கு அது போதுமான காரணமாகத் தெரிகிறது, நோயாளிக்கும் அப்படித்தான் தெரிகிறது. கூட வருகிறவர்களுக்குத்தான் சமயத்தில் தெரிவதில்லை.

வீட்டுக்குப் போகும்போது நாங்கள் சொல்லி அனுப்புவதில் முதலாவது, வலி கூடினால் பயப்படாதீர்கள் என்பது. முதல் சில நாளில் சிலருக்கு வலி இருந்ததைவிட அதிகமாகும். இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். அதுவரை வலி மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள டாக்டர் எழுதிக் கொடுப்பார். இதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பினால், ஊசிதான் கெடுத்துவிட்டது என்று குடும்பமே பதறிப்போகும்.

அடுத்தது சிறுநீர். எலும்பில் ஒட்டாத மருந்து முதல் சில மணி நேரத்திலேயே சிறுநீரில் வெளியேறும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும், இரண்டு தடவை ஃப்ளஷ் செய்ய வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சிறுநீரை அடக்க முடியாதவருக்கு முன்பே டியூப் போட்டுவிடுவோம். சிந்தினால் கையுறை போட்டுத் துடைத்து, துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்வோம். சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்வதையும் கர்ப்பமாக இருக்கிறவர்கள் பக்கத்திலேயே இருப்பதையும் சில நாள் தவிர்க்கச் சொல்வோம். இந்தப் பேச்சில்தான் பெரியவர்களின் முகம் வாடும். தன்னால் வீட்டில் யாருக்கும் கெடுதல் வந்துவிடுமோ என்ற பயம். ஒரே வீட்டில் இருக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம், பேசலாம், தட்டு தம்ளரைத் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை, இருபது நாளில் உடம்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது என்று உட்கார வைத்துச் சொல்வேன். ஒரு பாட்டியைத் திண்ணையில் தனியாகப் படுக்க வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, இதை மருமகள்களிடமும் பேரன்களிடமும் நேரில் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

ரத்தப் பரிசோதனையை வாரம் ஒருமுறை, குறைந்தது எட்டு வாரம் செய்ய வேண்டும். பிளேட்லெட்டும் வெள்ளை அணுக்களும் மூன்றிலிருந்து ஐந்தாம் வாரத்துக்குள் அடிமட்டத்துக்கு இறங்கி, எட்டாம் வாரத்துக்குள் பழைய நிலைக்கு வரும். வலி போய்விட்டதே என்று பரிசோதனைக்கு வராமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள். ஊரில் இருக்கிற லேபிலேயே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால்கூடப் போதும்.

மஞ்சள்காரர் நாலாம் வாரம் வந்தார். மகன் தாங்கிப் பிடிக்கவில்லை. "கட்டுத்தரைக்குப் போனீங்களா ஐயா?" என்று கேட்டேன். "போனனுங்க. குனியத்தான் முடியல. ஆனா நின்னு பாத்துட்டு வந்தனுங்க" என்றார். வலி மாத்திரை பாதியாகக் குறைந்திருந்தது. இன்னொரு பக்கம், மார்பகப் புற்றுநோய்க்காக வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு இதே மருந்து, இதே அளவு, ஒரு பலனும் தரவில்லை. போன் ஸ்கேனில் நன்றாகப் பிடித்திருந்தது, எண்களெல்லாம் சரியாக இருந்தன. அவருக்கு ஏன் கேட்கவில்லை என்பதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலி ஒரே இடத்தில்தான் என்றால் அந்த இடத்துக்கு மட்டும் வெளியிலிருந்து ரேடியேஷன் கொடுப்பதே நல்லது. 8 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) ஒரே தடவையில் கொடுத்தாலே பலருக்கு வலி குறைந்துவிடும். பல இடங்களில் வலி, போன் ஸ்கேனிலும் அந்த இடங்கள் கறுப்பாகத் தெரிகின்றன என்றால்தான் ஊசிக்கு வேலை. ஸ்கேனில் பிடிக்காத இடத்தில் மருந்தும் போய் ஒட்டாது. தொடை எலும்பு முறியும் நிலையில் மெலிந்திருந்தால் முதலில் எலும்பு டாக்டர் கம்பி வைக்க வேண்டும். கீமோ முடித்து சில வாரமாவது இடைவெளி வேண்டும். சிறுநீரகம் ஓரளவு வேலை செய்ய வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம் ஒன்று இருக்கிறது. முதுகில் நோய் உள்ளவருக்குத் திடீரென்று கால் பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாமல் நின்றாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். அன்றைக்கே, ராத்திரியானாலும், எம்ஆர்ஐ எடுக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஊசிக்காகக் காத்திருந்தால் கால் போய்விடும்.

லுட்டீசியம் ஊசி பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பெயரில் இரண்டு மருந்து இருக்கிறது. லுட்டீசியம்-177 ஈடிடிஎம்பி, நம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கியது. சமாரியம் மாதிரியே எலும்பு வலிக்கானது. அரை ஆயுள் ஏறக்குறைய ஏழு நாள் என்பதால், விமானம் தாமதமானாலும் எங்களுக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. லுட்டீசியம் பிஎஸ்எம்ஏ வேறு. அது புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் பிடித்துத் தாக்குவது, எலும்புக்கு வெளியே இருக்கிற நோயையும் பார்க்கும், செலவும் வேறு. ரேடியம்-223 என்று இன்னொன்று, ஆல்பா கதிர் விடுவது, நாலு வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி. எலும்புக்கு மட்டும் பரவிய, ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத புரோஸ்டேட் புற்றுநோய்க்கு. 2013 இல் வெளியான பெரிய ஆய்வில் அதைப் போட்டவர்களின் ஆயுள் நடுமதிப்பாக (மீடியன்) 14.9 மாதம், போடாதவர்களுக்கு 11.3. வலி மருந்து ஆயுளையும் கொஞ்சம் நீட்டியது அதில்தான். விலைதான் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே டாக்டரிடம் "லுட்டீசியம்" என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த லுட்டீசியம் என்று கேளுங்கள்.

எப்போது கேட்பது? எலும்புக்குப் பரவியிருக்கிறது என்று போன் ஸ்கேன் சொன்ன அன்றைக்கே கேட்கலாம். வலி இன்னும் வரவில்லை என்றால் ஊசி போட மாட்டார்கள். ஆனால் வந்தால் யாரிடம் போவது என்று தெரிந்திருக்கும். வலி இரண்டு மூன்று இடத்துக்குப் பரவி, மாத்திரையின் அளவு ஏறத் தொடங்கியதும் "நியூக்ளியர் மெடிசின் டாக்டரைப் பார்க்கட்டுமா?" என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வரும்போது கடைசி பிளட் ரிப்போர்ட், கிரியாட்டினின், போன் ஸ்கேன் படம், கடைசியாகக் கீமோவோ ரேடியேஷனோ எடுத்த தேதி, இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையும் கொண்டுவாருங்கள். கால்சியம் மாத்திரையும் எலும்புக்குப் போடும் ஜோலெட்ரானிக் ஊசியும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், எங்கள் டாக்டர் அதைக் கட்டாயம் கேட்பார்.

மார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தால் இந்த ஊசிக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. பழக்கமாகிவிடும் என்று பயந்து அப்பாவுக்கு அரை மாத்திரையாக உடைத்துக் கொடுக்கிறவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன். எழுதிய அளவை, எழுதிய நேரத்துக்குக் கொடுங்கள். ஊசி வேலை செய்து வலி குறைந்த பிறகு அளவைக் குறைப்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.